ஒன்றாம் எண் படிமம்

தண்ணீர் கேட்க நினைத்த பழனியாண்டி கத்தி கேட்டார். மகள் செண்பகவல்லி கத்தியோடு வந்து நின்றதும், அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது இல்ல பிள்ள. அது. அந்த... பேப்பரு."

பேப்பரும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து தானே பிடித்துக் குடித்தார். குடித்து முடித்தும் முகத்தைத் திருப்பவில்லை.

அவருடைய வலக் காதுக்குப் பின்னால் சட்டைப் பித்தான் அளவில் ஒட்டியிருந்த கருவிக்குச் 'சொல்லி' என்று பெயர். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு, மூளை தேடித் தவிக்கும் சொல்லை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. அடிபட்ட இடத்தைச் சுற்றி நாளுக்கு நாள் புதுப் பாதை போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் சொல்லியையும் வாரத்துக்கு ஒரு முறை திருத்தியாக வேண்டும். தவறினால் தண்ணீர் கத்தியாகிவிடும். பழனியாண்டிக்குக் கடைசித் திருத்தம் வந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது.

இருபத்தெட்டு வருடம் வாழைத்தார் ஏலம் கூறியவர் அவர். மூச்சு விடாமல் ரகம், எடை, ஊர், விலை என்று அவர் கூறும்போது கேரள வியாபாரிகள் கூடக் கை தூக்க மறந்து வாயைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் எட்டு மாதமாகத் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியே போவதில்லை. "போயி என்னத்தக் கேக்க?" என்பார். அதுவும் நல்ல நாளாக இருந்தால்தான்.

தாமதத்துக்கு யார் காரணம் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். அவள் வேலை பார்த்த இடம்தான்.

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் அந்த நிறுவனத்தின் மூன்றாம் மாடி முழுவதும் சோதனைப் பிரிவு. எந்தத் திருத்தத்தையும் நேரே மனிதர் தலையில் ஏற்றக் கூடாது என்பது சட்டம். முதலில் ஒரு நகலில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய மூளைப் பதிவையும் சொல்லியில் இருப்பதையும் சேர்த்து ஒரு வட்டுப் படிமம், அதாவது கணினி நகல், கட்டுவார்கள். அந்தப் படிமத்தை சர்வருக்குள் ஓடும் பொய்க் கணினி ஒன்றில் எழுப்புவார்கள். எழுந்த படிமத்திடம் பெயர் கேட்பார்கள், ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்வார்கள், ஆறு படங்களைக் காட்டுவார்கள். எல்லாம் சரியாகச் சொன்னால் அந்தப் படிமமே அப்படியே நோயாளியின் காதுக்குப் போகும். சோதித்தது எதுவோ அதுதான் ஏற வேண்டும், அதுவும் சட்டம். ஏற்றியதும் படிமத்தை அழித்துவிடுவார்கள்.

ஒரு படிமம் கட்ட ஐந்து மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. நோயாளிகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சர்வர்கள் நான்கு. ஒரு சுற்று முடியப் பன்னிரண்டரை நாள்.

இதை அவள் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பாலிடெக்னிக் முடித்து வேலைக்கு வந்தவள் அவள். ஞாயிறு உட்பட தினமும் மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை பாளையங்கோட்டையில் பொறியியல் பட்டத்துக்கான மாலை வகுப்பு. வகுப்பில் கற்ற பழக்கம் அந்த நோட்டு. பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்திருப்பாள். செய்தது, நடந்தது, சந்தேகம். மூன்றாவது பத்திதான் எப்போதும் நிரம்பி வழியும். 'நான் சரியாக எண்ணினேனா?' 'ரெமி சார் சிரித்தது என்னைப் பார்த்தா?' 'கதவைப் பூட்டினேனா?' இப்படியெல்லாம்கூட அதில் இருந்தது.

கத்தி கேட்ட நாளில் மூன்றாவது பத்தியில் ஒரே வரி எழுதினாள். 'எல்லாரையும் ஏன் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கட்டுகிறோம்?'

அந்த வரி அவளை உட்காரவிடவில்லை. பஸ்ஸில் போகும்போது அதுவே, வகுப்பில் பலகையைப் பார்க்கும்போதும் அதுவே. மூன்று வாரம் படிமங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தாள். நாலாவது வாரம் சோதனைப் பிரிவின் தலைவர் ரெமிஜியஸ் முன்னால் போய் நின்றாள். தூத்துக்குடிக்காரர். வாயில் எப்போதும் ஏலக்காய் ஒன்று இருக்கும்.

"சார், இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் நூத்துக்குத் தொண்ணூத்திநாலு பங்கு ஒண்ணுதான். நடக்கது, பாக்கது, ஒரு வாக்கியம் எப்படி முடியும்ங்கது. அத ஆளாளுக்கு முதல்ல இருந்து கட்டிட்டு இருக்கோம்."

"சரி. அதுக்கு?"

"அடியில ஒரு படம் வச்சுக்கிடுவோம். அதுக்கு மேல ஒரு ட்ரேசிங் பேப்பர். அந்தந்த ஆளுக்கு மட்டும் உள்ளத பேப்பர்ல வரைவோம். பேப்பர்ல கோடு இருந்தா கோடு தெரியும். கோடு இல்லாத இடத்துல அடியில உள்ள படம் தெரியும். பேப்பர மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் கட்டணும். பதினோரு நிமிசம் சார்."

ரெமிஜியஸ் ஏலக்காயைக் கடிப்பதை நிறுத்தினார். "அடியில யாரு படம்?"

"ஒண்ணாம் நம்பர்."

"அது ஆளே இல்லையே. மெஷின் சூடேத்துத இமேஜுல்லா."

அங்கே எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒன்றாம் எண் படிமம் அந்த மாடியில் இருந்த எவரையும்விடப் பழையது. சிறியது, சுத்தமானது, எந்த சர்வரிலும் முரண்டு பிடிக்காமல் எழும். அதனால் காலையில் வந்ததும் முதலில் அதைக் கட்டி எழுப்பிப் பார்ப்பார்கள். மற்றப் படிமங்கள் கேள்வி கேட்டால்தான் பேசும். ஒன்றாம் எண் மட்டும் எழுந்ததும் யாரும் கேட்காமலே "போலாம் ரைட்" என்று ஒரு குரல் கொடுக்கும். வேலையைவிட்டுப் போன எவனோ ஒருத்தன் வைத்துவிட்டுப் போன குறும்பு என்று பேச்சு. அதைக் கேட்டால்தான் அந்த மாடியில் வேலை தொடங்கும். டீ குடிக்கக் கிளம்பும்போதும், கூட்டம் முடியும்போதும், யாராவது ஒருவர் அதே இழுப்போடு "போலாம் ரைட்" என்பார். செண்பகவல்லிக்கே அது வாயில் வரும்.

அவள் முறையாகத்தான் செய்தாள். ஒன்றாம் எண்ணில் 'சொந்த விவரம்' என்று குறிக்கப்பட்டிருந்த பெயர்கள், முகங்கள் அனைத்தையும் நீக்கினாள். அந்தக் குறும்புக் குரல் ஒவ்வொரு நோயாளியின் படிமத்திலும் கேட்டுத் தொலைக்கக் கூடாதே என்று, படிமம் எழுந்து அதைச் சொல்லி முடித்த கணத்துக்கு அடுத்த கணத்தில் அப்படியே உறைய வைத்தாள். அதைத்தான் எல்லோருக்கும் அடித்தளமாக விரித்தாள். மூவாயிரம் முறை சோதித்தாள். பெயர், பத்துவரை எண்ணிக்கை, ஆறு படம். ஒன்றுகூடத் தவறவில்லை.

நான்கு வாரங்களில் எல்லோருக்கும் வாராவாரம் திருத்தம் போயிற்று. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ரெமிஜியஸ் ஒரு டப்பா மஸ்கோத் அல்வா வாங்கி வந்து, "பிள்ளைக்கு மொதத் துண்டு," என்று அவள் கையில் வைத்தார்.

பழனியாண்டி தண்ணீரைத் தண்ணீர் என்றே கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இட்லி எடுத்து வைத்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சாப்ட்டியா தாயி?"

செண்பகவல்லி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அவர் அவளைக் கூப்பிட்டது "ஏ பிள்ள" என்றுதான். அம்மா போன பிறகு அதுவும் குறைந்து "ஏ" ஆகியிருந்தது. மகிழ்ச்சியா பயமா என்று தெரியாமல் அவள் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். அன்றைக்கு நோட்டில் எழுதினாள். சந்தேகம்: அப்பா எங்கிருந்து தாயி என்ற சொல்லை எடுத்தார்? எழுதிய பிறகு, நல்லது நடக்கும்போதும் குறை தேடுகிறேனே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

நான்கு மாதம் போயிற்று.

ஒரு புதன்கிழமை காலை, வரவேற்பில் இருந்த செக்யூரிட்டி ஒரு பெண்மணியைச் சோதனைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். அறுபது வயதிருக்கும். கட்டம் போட்ட சேலை, கையில் துணிப்பை. சாத்தூரிலிருந்து வருவதாகவும், பெயர் சீனியம்மாள் என்றும் சொன்னார். நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தார்.

"காதுல பட்டன் மாட்டுறது நீங்கதானம்மா?"

"ஆமாம்மா. உங்க வீட்ல யாருக்கும் இருக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு இருந்துச்சு. குருவையா. பஸ் கண்டக்டரு. எல்லாத்துக்கும் முன்ன அவுகளுக்குத்தான் மாட்டுனாக. டாக்டரு போட்டோல்லாம் எடுத்தாரு. அவுக போயி மூணு வருசம் ஆகுது." பையிலிருந்து நாள்காட்டித் தாள்களை ஒரு கட்டாக எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலில் பெயர்கள். "நாலு மாசமா சாயங்காலம் ஆறு பத்துக்குப் போன் வருது. மொதல்ல ஒருத்தரு. இப்ப பதினோரு பேரு, ஒருத்தரு வச்சதும் அடுத்தவரு. கரூரு, தேனி, நாகர்கோவிலு, எங்கெங்கிருந்தோ. எல்லாரும் ஒண்ணத்தான் கேக்காக."

"என்ன கேக்காங்க?"

"பஸ்ஸ ஷெட்ல விட்டாச்சு, பாலு வாங்கணுமா தாயின்னு."

செண்பகவல்லியின் கை நோட்டின்மேல் போய் நின்றது.

"அவுக டூட்டி முடிஞ்சு தெனம் ஆறு பத்துக்கு எனக்கு அடிக்கிற போனு அது. வேற யாருக்கும் தெரியாது. கேட்டுட்டு அந்த ஆளுகளே முழிப்பாக, நான் ஏன் உங்களுக்கு அடிச்சேன்னு. நீங்க யாரு அய்யான்னு நான் கேப்பேன். பேசிக்கிட்டு இருப்போம். எல்லாரும் காதுல பட்டன்னு சொன்னாக. அதான் வந்தேன்."

"நீங்க முன்னாடியே சொல்லிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம்." சீனியம்மாள் தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்தார். "நிறுத்தச் சொல்லி வரல தாயி. போன வாரம் அந்தக் கரூர்க்காரரு, மனுசன் பஸ் ஏறிக் கோயில்பட்டி வந்துட்டாரு. பழைய பஸ் ஸ்டாப்புல போயி நின்னுருக்காரு, டூட்டிக்கு. அங்க இப்ப பாலத்துக்கு ஆளுயரம் குழி தோண்டிப் போட்டுருக்கு. அவருக்கு அது தெரியுமா? அவுக இருந்தப்ப குழி இல்லையே. யாரும் விழுந்து வச்சா?"

அப்போது நான்காவது சர்வரில் அன்றைய அடித்தளம் கட்டி முடிந்து, ஒன்றாம் எண் எழுந்தது.

"போலாம் ரைட்," என்றது.

பழக்கத்தில் அறையின் அந்தக் கோடியிலிருந்து யாரோ "ரைட்டு," என்று திருப்பிக் குரல் கொடுத்தார்கள். சீனியம்மாள் எழுந்து நின்றிருந்தார். துணிப்பை கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"இன்னமுமா டூட்டில இருக்காக?" என்றார்.

செண்பகவல்லி குனிந்து பையை எடுத்து மேசையில் வைத்தாள். கோடு இல்லாத இடத்தில் அடியில் உள்ள படம் தெரியும் என்று அவள்தான் சொன்னாள். பக்கவாதம் அடித்த தலைகள் அவை. கோடு இல்லாத இடம் அவற்றில் எத்தனை எத்தனையோ. அங்கெல்லாம் குருவையா தெரிந்திருக்கிறார். அவள் நீக்கியது பெயர்களையும் முகங்களையும். ஆறு பத்துக்குப் போன் அடிக்கும் கையை யாரும் 'சொந்த விவரம்' என்று குறித்து வைக்கவில்லை. நான்கு மாதமாகத் தினமும் அந்த மனிதரை எழுப்பி, ஒரு வார்த்தை பேசவிட்டு, வாயை மூடி, அவர்மேல் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை விரித்திருக்கிறாள்.

கிளம்பும்போது சீனியம்மாள் அவள் முழங்கையைத் தொட்டார்.

"எல்லாத்தையும் நிறுத்தித்தான் ஆகணுமா? ஒருத்தரு ரெண்டு பேரு..." தன் எண்ணை ஒரு நாள்காட்டித் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

ரெமிஜியஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வாயில் ஏலக்காய் இல்லை.

"ரெண்டு வழி இருக்கு செண்பகம். ஒண்ணு, போன் நம்பர், பால், தாயி, கோயில்பட்டி ஸ்டாப்பு, இதையெல்லாம் அடியில இருந்து அழிச்சுட்டு ஓட்டலாம். இன்னிக்கே முடிஞ்சுரும். ஒருத்தனுக்கும் தெரியாது."

"இன்னொண்ணு?"

"மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா அத்தன சொல்லியையும் அணைச்சுட்டு ஒவ்வொருத்தரையும் பழையபடி முதல்ல இருந்து கட்டச் சொல்லுவான். பன்னெண்டரை நாளு. கடைசி ஆளு வார வரைக்கும் அவங்களுக்குப் பேச்சு கிடையாது." அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்க அப்பா எத்தனாவது?"

"நூத்தி நாப்பத்தி மூணு. எட்டரை நாள் ஆகும்." வாயில் தயாராக இருந்தது அந்தக் கணக்கு. அவர் சொல்லும்போதே போட்டிருந்தாள்.

"அப்ப முதல் வழியே பாரேன்மா."

"நாம கேட்டதத்தான் சார் அழிக்க முடியும். கேக்காதது இன்னும் எத்தன இருக்கோ? நான் மூவாயிரம் டெஸ்ட் போட்டேன். ஒரு டெஸ்ட்லகூட நீ யாருக்குப் போன் அடிப்பன்னு கேக்கல."

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "ராத்திரி முடிவு பண்ணிக் காலைல சொல்லு," என்றார்.

அன்றைக்கு அவள் வகுப்புக்குப் போகவில்லை. நான்கு மாதத்தில் முதல் முறையாக ஆறு மணிக்கு வீட்டில் இருந்தாள். அதனால்தான் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. ஆறு பத்துக்கு அவள் எப்போதும் பாளையங்கோட்டையில் யாருடைய பலகையையோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

பழனியாண்டி நாற்காலியில் இருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆறு பத்துக்கு அவர் கை தானாகப் போனை எடுத்தது, பார்க்காமலே பத்து எண்களை அழுத்தியது.

"பஸ்ஸ ஷெட்ல விட்டாச்சு. பாலு வாங்கணுமா தாயி?" என்றார். பிறகு முகம் மாறி, தன் குரலில், "ஆங், நாந்தாம்மா, பழனியாண்டி. மறுபடியும் அடிச்சிட்டேன் பாத்துக்கிடுங்க. முட்டுவலி எப்படி இருக்கு? அந்தத் தைலம் தேச்சியளா?"

ஆறேழு நிமிடம் பேசினார். நடுவில் சிரித்தார். அவர் போனை வைக்கும்வரை காத்திருந்து, அவள் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். படம், ட்ரேசிங் பேப்பர், கண்டக்டர், குழி. அவர் இடைமறிக்கவே இல்லை.

"தாயின்னு சொன்னது நான் இல்லியோ?"

"இல்லப்பா."

"நல்ல மனுசனா இருந்திருப்பாரு போல."

"எட்டரை நாள் பேச்சு இருக்காதுப்பா. திருப்பிக் கட்டணும்."

பழனியாண்டியின் தலை நிமிர்ந்தது. "வேண்டாம்."

"அப்பா—"

"வேண்டாங்கேன். யாரு பேச்சா இருந்தா என்ன, வருதுல்லா? நீ பேச்சில்லாம ஒரு நாளு இருந்து பாத்திருக்கியா? தண்ணி குடிக்கணும்னு தோணும். அது உள்ள நிக்கும், ஆனா அதுக்குப் பேரு இருக்காது. கெணத்துக்குள்ள கெடந்து சத்தம் போடுத மாதிரி." மூச்சு வாங்கினார். "அந்த நம்பர மட்டும் அழிக்க முடியாதா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "முடியும்."

"பெறகென்ன?"

"நாளைக்குக் கோயில்பட்டி போயி அந்தக் குழியில விழுந்தியன்னா?"

"நான் எதுக்குக் கோயில்பட்டி போறேன்?"

"நீங்க போக மாட்டிய. அவரு போவாரு."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த இரவு முழுவதும் செண்பகவல்லி நோட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். செய்தது என்ற பத்தியில் நான்கு மாதத்துக் காரியத்தை நாள்வாரியாக எழுதினாள். நடந்தது என்பதில் அப்பா பெயரையும் சேர்த்துப் பதினோரு பெயர்களை எழுதினாள். பன்னிரண்டாவதாக ஒரு பெயர் சேர்க்க வேண்டுமா என்று யோசித்துச் சீனியம்மாள் என்று எழுதினாள். சந்தேகம் என்ற பத்தியில் எழுத நிறைய இருந்தது. அப்பாவுக்குப் பிடிக்காததைச் செய்ய எனக்கு என்ன உரிமை? பயத்தில் நேர்மையாக இருப்பது நேர்மையா? அந்தப் பாராட்டு வராமல் இருந்திருந்தால் சீக்கிரமே கவனித்திருப்பேனா? ஆனால் முதல் இரண்டு பத்திகளில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை என்பதைப் பார்த்தாள்.

காலையில் அந்த இரண்டு பத்திகளையும் தட்டச்சு செய்து ரெமிஜியஸிடம் நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். பேனாவைக் கேட்டார்.

"கீழ என் பேரையும் போடுதேன். மஸ்கோத் அல்வா வாங்கினது நான்தான."

மதியம் இரண்டு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு சொல்லிகளும் அணைந்தன. குடும்பங்களுக்கெல்லாம் முன்கூட்டியே போன் போட்டுச் சொன்னார்கள். ஒரு மனைவி அழுதார். தேனிக்காரரின் மகன் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினான். அந்தப் போனை செண்பகவல்லிதான் எடுத்தாள். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

ஒன்றாம் எண் படிமத்தை என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் சீனியம்மாளுக்குப் போன் செய்து கேட்டாள். "டூட்டி முடிச்சு அனுப்பிருங்கம்மா," என்றார் அவர். அன்று ஒன்றாம் எண் கடைசியாக ஒரு முறை எழுந்தது. எழுந்து சொல்ல வேண்டியதைச் சொன்னது. இந்த முறை அவள் உறைய வைக்கவில்லை. மேற்கொண்டு ஏதாவது பேசுமா என்று மாடி முழுவதும் கேட்டு நின்றது. "எல்லாரும் ஏறியாச்சா?" என்றது குரல். ரெமிஜியஸ் "ஏறியாச்சு அண்ணாச்சி," என்றார். அதன்பிறகுதான் அழித்தார்கள். மறுநாள் காலையில் சர்வர்களிலிருந்து அந்தக் குரல் வரவில்லை. யாருக்கும் எப்போது வேலையை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வீட்டில் எட்டரை நாள். அவள் வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தினமும் ஆறுக்கு முன் வந்தாள். பழனியாண்டி கையால் காட்டவும் மறுத்தார். தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போனார். உப்பு வேண்டுமென்றால் இல்லாமலே சாப்பிட்டார். நான்காம் நாள் அவள் தட்டை வைத்தபோது தட்டைத் தள்ளினார். ஆறாம் நாள் வாயைத் திறந்தார், ஏதோ முயன்றார், வந்தது ஒரு முனகல். அதற்காக வெட்கப்பட்டு எழுந்து உள்ளே போனார். ஆறு பத்து ஒவ்வொரு நாளும் வந்தது. போன் மேசைமேல் கிடந்தது.

ஒன்பதாம் நாள் முற்பகல் நூற்றி நாற்பத்து மூன்றாவது படிமம் எழுந்தது. முதலிலிருந்து கட்டியது. ஐந்து மணி நாற்பது நிமிடம். பெயர் கேட்டார்கள், "பழனியாண்டி, வேற யாரு?" என்றது. அந்தப் படிமத்தைச் சோதித்தவள் அவளில்லை. அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

மாலை வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அவர் கேட்டார்.

"ஏ பிள்ள. எட்டு நாளு உப்பில்லாமத் தின்னேன். உனக்கு இப்பத் திருப்திதான?"

"உப்பு வேணும்னு காட்டியிருக்கலாம்லா."

"காட்டுவேன், காட்டுவேன்."

தாயி போயிருந்தது. அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தது நடந்தும் ஒரு கணம் வாசலிலேயே நின்றாள், செருப்பைக் கழற்ற மறந்து.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். ஆறு பத்து. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கை போனுக்குப் போகவில்லை. ஆறு பதினொன்று. ஆறு பதினைந்து. நடந்தது: ஒன்றுமில்லை, என்று எழுதினாள். சோதனை தேறிவிட்டது. சுத்தமான படிமம்.

ஆறு இருபத்தைந்துக்குப் பழனியாண்டி பேப்பரை மடித்தார்.

"ஏ பிள்ள, அந்தப் பொம்பள நம்பர் என்ன?"

"எந்தப் பொம்பள?"

"சாத்தூர்க்காரி. அந்தக் கண்டக்டர் சம்சாரம். எனக்கு நம்பரு ஞாபகம் இல்ல." அவள் விழிப்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. "நாலு மாசமாப் பேசிருக்கேன். அவரு பேசுனது மொத ரெண்டு வார்த்தை. பாக்கி பூரா நான்தான பேசினேன்? தைலம் சொன்னது நான்தான. தேச்சாளா இல்லியான்னு கேக்க வேண்டாமா?"

மேல் தாளில் எழுதியது, அடியில் இருந்த படத்தை உருவிய பிறகும் தாளிலேயே இருக்கும். இது அவளே வகுத்த முறை. இருந்தும் இதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. நோட்டின் உள்ளட்டையில் செருகியிருந்த நாள்காட்டித் தாளை எடுத்து எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவர் தடுமாறித் தடுமாறி அழுத்தினார். ஒலிபெருக்கியில் வந்துவிட்டது, அணைக்க அவருக்குத் தெரியவில்லை.

"யாரு?"

"நான் பழனியாண்டி பேசுதேன். திருநெல்வேலி. பாலெல்லாம் கேக்கல. சும்மாத்தான்."

மறுமுனையில் மூச்சு கேட்டது. பிறகு சீனியம்மாளின் குரல் கரகரத்து வந்தது.

"காலையில இருந்து நீங்க அஞ்சாவது ஆளு அய்யா. எல்லாருக்கும் என் முட்டிமேலதான் கவலை."

பழனியாண்டி சிரித்தார். தைலத்தின் பெயரை மறுபடி சொன்னார், எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னார், கரூர்க்காரர் வீட்டிலேயே இருக்கிறாரா என்று விசாரித்தார். போனை வைத்துவிட்டு, எதையோ யோசித்தவராக அடுக்களைப்பக்கம் பார்த்தார்.

"பாலு இருக்கா?"

"இல்லப்பா. காலையிலேயே தீந்துட்டு."

"சரி, பையக் கொடு. முக்குக் கடைதான. நானே போயி வாங்கிட்டு வாரேன்." ஆணியிலிருந்து சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தார்.

செண்பகவல்லி பேனாவைத் திறந்தாள். மூன்றாவது பத்தியில் எழுதினாள். சந்தேகம்: இது யாருடைய கேள்வி?

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, பையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.